ஏணியும் உதயசூரியனும்

தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு 2021 ஏப்ரல் 6ஆம் திகதி நடந்த தேர்தலில், தி.மு.க. தலைமையிலான அணியில் இரண்டு முஸ்லிம் கட்சிகள் போட்டியிட்டன. இந்திய யூனியன் முஸ்லிம் லீக்குக்கு ஒதுக்கப்பட்டவை கடையநல்லூர், வாணியம்பாடி, சிதம்பரம் ஆகிய மூன்று தொகுதிகள். மனிதநேய மக்கள் கட்சிக்குப் பாபநாசமும் மணப்பாறையும் கிடைத்தன. லீக் தன் சொந்தச் சின்னமான ஏணியில் நின்றது. மனிதநேய மக்கள் கட்சியின் வேட்பாளர் இருவரும் தி.மு.க.வின் உதயசூரியனில் நின்றார்கள். மே 2ஆம் திகதி முடிவுகள் வெளியாயின. 234 ஆசனங்களில் 159ஐ வென்று தி.மு.க. அணி ஆட்சியைப் பிடித்தது. சூரியனில் நின்ற இருவரும் வெற்றி பெற்றார்கள். ஏணியில் நின்ற மூவரும் தோற்றுப்போனார்கள்.

அதே ஏப்ரல் 6ஆம் திகதிதான் மலைக்கு அப்பால் கேரளத்திலும் வாக்களிப்பு நடந்தது. அங்கே லீக் இடம்பெற்ற அணி படுதோல்வி அடைந்தது. 140 ஆசனங்களில் 41 மட்டுமே அதற்குக் கிடைத்தது. ஆனால் அந்த 41இல் 15 லீக்குடையவை. எல்லாம் ஏணியில் வென்றவை. ஒரே கட்சி, ஒரே சின்னம், ஒரே நாள். ஓரிடத்தில் அணி தோற்றும் ஏணி நின்றது. மற்றோரிடத்தில் அணி வென்றும் ஏணி சாய்ந்தது.

மூன்று தொகுதிகளின் தோல்விக்கும் உள்ளூர்க் காரணங்கள் இருந்திருக்கும். ஒரு தேர்தலை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு பேசுவதும் சரியல்ல. என்றாலும் முஸ்லிம் லீக் பிறந்த ஊர் சென்னை என்பதை நினைத்துப் பார்க்கும்போது இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. பிறந்த மண்ணில் ஏன் அது தன் முகத்தோடு நின்று வெல்ல முடியாத கட்சியாயிற்று? தமிழக முஸ்லிம் வாக்காளன் கட்சி விசுவாசம் இல்லாதவனா? அப்படிச் சொல்ல எவருக்கும் வாய் வராது. நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது தெரியும். நபிகள் நாயகத்தைப் பாடிய அதே கம்பீரக் குரல்தான் தி.மு.க.வின் மேடைகளிலும் வாழ்நாள் முழுக்க ஒலித்தது. அவருக்கு இரண்டும் முரணாகத் தோன்றவில்லை. கேட்ட மக்களுக்கும் தோன்றவில்லை. ஆகவே விசுவாசம் இருந்தது. அது எங்கே போய்த் தங்கியது என்பதே விடயம்.

கதையைச் சற்றுப் பின்னே சென்று தொடங்க வேண்டும். 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு வந்த தனித் தொகுதி முறையில் முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம் வாக்காளர் மட்டுமே தெரிவுசெய்தனர். அதில் ஒரு முஸ்லிம் கட்சி அயலவரின் வாக்கைத் தேடிப் போகவேண்டிய தேவை கிடையாது. 1946இல் சென்னை மாகாணத்தின் முஸ்லிம் தொகுதிகளை லீக் ஏறத்தாழ முழுமையாக வாரிக்கொண்டது. சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தவர் திருநெல்வேலிப் பேட்டையில் 1896இல் பிறந்த, தோல் வணிகத்தில் ஈடுபட்டிருந்த முஹம்மது இஸ்மாயில் சாஹிப். பின்னாளில் காயிதே மில்லத் என்று மக்கள் அழைத்தது இவரைத்தான்.

பிரிவினை வந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக்கின் கவுன்சில் கட்சியை இரு நாடுகளுக்கும் இரண்டாகப் பிரித்தது. இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக இஸ்மாயில் சாஹிப் நியமிக்கப்பட்டார். அது மலர்ப் படுக்கையாக இருக்கவில்லை. லீக் என்ற பெயரையே உச்சரிக்க வடநாட்டு முஸ்லிம்கள் அஞ்சிய காலம் அது. கட்சியைக் கலைத்துவிடுங்கள், காங்கிரஸில் சேருங்கள் என்ற புத்திமதி நாலாபக்கமும் இருந்து வந்தது. 1948 மார்ச் 10ஆம் திகதி, இப்போது ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னைக் கட்டடத்தில் கூடியவர்கள் கலைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் தனித் தொகுதி முறையைத் தொடரும்படி இஸ்மாயில் சாஹிபும் மலபாரின் போக்கர் சாஹிபும் வாதாடிப் பார்த்தார்கள். சபை அதை நிராகரித்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு எல்லோருக்கும் பொதுவான தொகுதியையே தந்தது. முஸ்லிம் கட்சி முதன்முறையாக அயலவரின் வாக்கையும் கேட்கவேண்டிய நிலைக்கு வந்தது.

அதன் முதல் பரீட்சை 1952. அன்றைய சென்னை மாநிலம் தமிழ்நாடு மட்டுமல்ல. ஆந்திரமும் மலபாரும் அதற்குள் அடக்கம். 375 ஆசனங்களில் காங்கிரஸுக்கு 152தான் கிடைத்தது. லீக்குக்கு 5. இந்த ஐந்துக்கும் வாக்குத் தந்தது மலபார். பெரும்பான்மை இல்லாமல் முதலமைச்சரான ராஜாஜிக்குக் கைகொடுத்தவர்களில் இந்த ஐவரும் இருந்தார்கள். சின்னக் கட்சியின் ஐந்து பேருக்கும் ஒரு விலை உண்டு என்பதை லீக் கண்டுகொண்ட முதல் சந்தர்ப்பம் அது. ஆனால் அந்த விலையை நிர்ணயித்தது மலபார் வாக்காளனே தவிர, தஞ்சாவூர், இராமநாதபுரம், வடஆர்க்காடு வாக்காளன் அல்ல.

1956 நவம்பர் 1ஆம் திகதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்தோடு போய்விட்டது. தலைமை சென்னையில் தங்கியது. வாக்கு மலையைத் தாண்டிப் போயிற்று. இதை எந்தப் புள்ளிவிவரத்தையும் விடத் துலக்கமாகக் காட்டுவது இஸ்மாயில் சாஹிபின் சொந்த வாழ்க்கையே. 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது மலபாரின் மஞ்சேரித் தொகுதி. மலையாளத்தில் பேசும் ஏழை மாப்பிளை விவசாயி, தமிழ் பேசும் பேட்டைக்காரருக்கு மூன்று தடவை ஏணியைக் காட்டி அனுப்பிவைத்தான். மொழியை மீறிய விசுவாசம் அது. அதே தலைவருக்குத் தன் தாய்மொழி வழங்கும் நிலத்தில் அப்படியொரு தொகுதி அமையவில்லை.

ஏன் அமையவில்லை என்றால் முதலில் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். 2011 குடிசன மதிப்பீட்டின்படி கேரளத்தில் முஸ்லிம்கள் 26.56 வீதம், மலப்புறம் மாவட்டத்தில் மட்டும் 70.24 வீதம். தமிழ்நாட்டில் 5.86 வீதம். அந்தச் சிறு தொகையும் ஓரிடத்தில் இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என்று கடலோரம் முழுக்கச் சிதறிய ஊர்கள் ஒரு பக்கம். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் என்று தோல் பதனிடும் நகரங்கள் மறுபக்கம். அங்கே வீட்டுமொழியாக உருது பலருக்கு. இடையில் உள்நாட்டு ராவுத்தர்கள். மரைக்காயருக்கும் ராவுத்தருக்கும் தக்கனிக்கும் தொழிலும் வேறு, நலனும் வேறு. எந்த ஒரு தொகுதியிலும் முஸ்லிம் வாக்கு மட்டும் போதாது. பல தொகுதிகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்க அது போதும். வெல்ல முடியாது, வெல்லவைக்க முடியும். இத்தகைய சமூகத்தின் கட்சி பெரிய கட்சியொன்றின் வாசலில்தான் நின்றாக வேண்டும்.

வாசலில் நிற்பது கேரளத்திலும் நடந்ததுதான். நேரு லீக்கைச் செத்த குதிரை என்று சொன்ன கதை அங்கே இன்றும் பேசப்படுகிறது. 1960இல் கம்யூனிஸ்ட்டுகளைத் தோற்கடிக்கக் காங்கிரஸுக்கு அந்தச் செத்த குதிரை தேவைப்பட்டது. லீக் 11 ஆசனங்களை வென்று கொடுத்தது. வென்றபின் அமைச்சரவையில் இடமில்லை என்றார்கள். சபாநாயகர் பதவியைச் சீதி சாஹிபுக்குக் கொடுத்துச் சமாளித்தார்கள். 1961இல் அவர் காலமானதும் சி.எச். முஹம்மது கோயாவின் பெயர் முன்வந்தபோது, லீக் அங்கத்துவத்தை விட்டால்தான் அந்த ஆசனம் என்று நிபந்தனை போட்டது காங்கிரஸ். அவர் விட்டுத்தான் அமர்ந்தார். ஒரு கட்சிக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியுமா தெரியவில்லை. ஆனால் மலபார் வாக்காளன் அதை மறக்கவில்லை, கட்சியும் மறக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் கோயா அந்தப் பதவியை உதறிவிட்டு வெளியேறினார்.

1967 வந்தது. இஸ்மாயில் சாஹிப் ஒரே ஆண்டில் இரண்டு மாநிலங்களில் காங்கிரஸுக்கு எதிரான இரண்டு அணிகளில் தன் கட்சியைச் சேர்த்தார். கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாட்டின் ஏழு கட்சி முன்னணி. சென்னையில் அண்ணாவின் தி.மு.க. கூட்டணி. இரண்டும் வென்றன. மேலோட்டமாகப் பார்த்தால் லீக்கின் பொற்காலம் அதுதான். ஆனால் எண்களை உற்றுப் பார்த்தால் இரு பாதைகளும் பிரிந்த இடமும் அதுவே.

கேரளச் சட்டசபையில் 133 ஆசனங்கள். மார்க்சிஸ்ட்டுகளுக்கு 52, வலது கம்யூனிஸ்ட்டுகளுக்கு 19, சோஷலிஸ்டுகளுக்கு 19, லீக்குக்கு 14. இந்த 14 இல்லாமல் முன்னணி அரசு நிலைத்து நிற்பது கடினம். இரண்டு லீக் அமைச்சர்கள் பதவியேற்றார்கள். கல்வி அமைச்சரானவர், ஆறு வருடங்களுக்கு முன்னர் அங்கத்துவத்தைத் துறக்கவைக்கப்பட்ட அதே சி.எச். முஹம்மது கோயா. 1968இல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் வந்தது. 1969 ஜூன் 16ஆம் திகதி மலப்புறம் மாவட்டம் உருவானது. அதற்கு எதிராகப் பெருங்கூச்சல் எழுந்தும் அரசு பின்வாங்கவில்லை. மலபார் வாக்காளன் தான் குத்திய ஏணியால் தன் ஊருக்கு என்ன வந்தது என்பதைக் கண்ணால் கண்டான்.

சென்னையிலோ 234 ஆசனங்களில் தி.மு.க.வுக்கு மட்டுமே 137. அண்ணாவுக்கு ஆட்சியமைக்க எவருடைய தயவும் தேவையில்லை. இராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கே அமைச்சரவையில் இடம் கிடைக்கவில்லை என்றால் மூன்று உறுப்பினர் கொண்ட லீக்கின் நிலையைக் கேட்கவா வேண்டும்? அண்ணாவின் அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் இருந்தார், எஸ்.ஜே. சாதிக் பாட்சா. அவர் லீக்கர் அல்லர், தி.மு.க.காரர். சாதாரண முஸ்லிம் வாக்காளன் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடத்தைக் குறை சொல்ல முடியாது. அமைச்சராக வேண்டுமென்றால் சூரியனுக்குக் கீழே நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் தி.மு.க.வுக்கு நியாயம் செய்ய வேண்டும். தமிழக முஸ்லிம்கள் அக்கட்சியிடம் போனது வெறும் பேரத்தால் அல்ல. சுயமரியாதை இயக்கக் காலத்திலிருந்தே பெரியாரும் அண்ணாவும் முஸ்லிம் மேடைகளுக்கு வந்து போனவர்கள். மீலாத் விழாவில் திராவிட இயக்கப் பேச்சாளர் பேசுவது ஊர் வழக்கமாகவே ஆகியிருந்தது. மதத்தால் வேறுபட்டாலும் மொழியால் நீ எம்மவன் என்று சொன்ன பெரிய கட்சி அது ஒன்றுதான். வட இந்தியாவில் முஸ்லிமாக இருப்பதன் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்த காலத்தில், தமிழனாக இருக்கலாம் என்ற அழைப்பு எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் இங்கிருந்து உணர்வது சற்றுக் கடினம். நம் நாட்டில் மொழியும் இனமும் சிக்கிக்கொண்ட விதம் வேறு. ஆகவே தமிழக முஸ்லிமின் தி.மு.க. விசுவாசத்தை அடிமைத்தனம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவன் ஏமாந்து போகவில்லை, விரும்பிப் போனான். அவன் போன பாதையில் அவனுடைய கட்சி என்னவாயிற்று என்பதுதான் எனது கேள்வி.

தமிழக அரசியலில் சின்னம் என்பது வெறும் அடையாளக் குறி அல்ல. இதைத் தி.மு.க. தன் சொந்த அனுபவத்தில் கற்றது. 1957இல் முதன்முதலாகச் சட்டசபைத் தேர்தலில் இறங்கியபோது அது அங்கீகரிக்கப்பட்ட கட்சி அல்ல. 15 பேர் வென்றார்கள். மறு ஆண்டு உதயசூரியன் நிரந்தரமாகக் கிடைத்தது. அதன்பின் சுவரெல்லாம் சூரியன்தான். எம்.ஜி.ஆர். தி.மு.க.வை விட்டு வெளியேறித் தன் கட்சியைத் தொடங்கிய மறு ஆண்டு, 1973இல், திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவருடைய வேட்பாளர் மாயத்தேவர் பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்தது இரட்டை இலை. நாவலப்பிட்டியில் பிறந்த அந்த மனிதரின் முகமும் அந்த இரண்டு இலைகளும் நான்கு ஆண்டுகளில் பிரிக்க முடியாதவை ஆயின. அவர் மறைந்தபின் 1989 தேர்தலில் கட்சி இரண்டாக உடைந்து, இலை முடக்கப்பட்டு, ஒரு பிரிவு சேவலிலும் மறுபிரிவு இரட்டைப் புறாவிலும் நின்றன. ஜெயலலிதாவின் சேவலுக்கு 27 ஆசனங்கள். புறாவின் கதி அதைவிட மோசம். பதின்மூன்று ஆண்டுகளின்பின் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. பிரிவுகள் ஒன்றுசேர்ந்து இலை திரும்பிய 1991இல் அ.தி.மு.க. ஆட்சியை மீட்டது. இதற்கு ராஜீவ் காந்தி கொலையின் அனுதாபமும் காரணம் என்பது உண்மை. ஆனாலும் இலை இல்லாத அ.தி.மு.க. என்ன ஆகும் என்பதை 1989 காட்டிவிட்டது.

இத்தகைய மண்ணில்தான் லீக் தன் ஏணியைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு இரவல் சூரியனில் நிற்கப் பழகிக்கொண்டது. காரணம் எளிது. அங்கீகாரமுள்ள கட்சிக்கே சின்னம் ஒதுக்கப்படும். தமிழ்நாட்டில் லீக்குக்கு அந்தத் தகுதி இல்லை. வேட்பாளரோ வெல்ல விரும்புகிறார். கிராமத்தில் தி.மு.க. தொண்டன் ஏணியை அறிமுகப்படுத்திக் களைப்பதைவிடத் தெரிந்த சூரியனுக்கு வாக்குக் கேட்பதையே விரும்புவான். ஒவ்வொரு தேர்தலையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அந்த முடிவில் பிழை காண முடியாது. 2006இல் வாணியம்பாடியில் லீக்கின் அப்துல் பாசித் வென்றதும் சூரியனில்தான்.

பிழை கூட்டுத்தொகையில் இருக்கிறது. சூரியனில் நிற்கும் லீக்கருக்கு விழும் வாக்கு சூரியனின் கணக்கிலேயே எழுதப்படும். அங்கீகாரத்துக்கு வேண்டிய வாக்கு வீதமும் ஆசன எண்ணிக்கையும் லீக்கின் பெயரில் சேர்வதில்லை. சேராததால் அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் இல்லாததால் மறுமுறையும் இரவல் சின்னம். இதற்குமேல் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். எந்தக் கட்சியின் வேட்பாளராக நின்று வென்றாரோ அந்தக் கட்சியின் உறுப்பினராகவே ஒருவர் கருதப்படுவார். சூரியனில் வென்ற லீக்கர் தி.மு.க. கொறடாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். சமூகத்தின் குரலாக அனுப்பப்பட்டவர், அந்தக் குரல் தேவைப்படும் நாளில் வேறொரு கட்சியின் அனுமதியோடுதான் பேச வேண்டும். சி.எச். முஹம்மது கோயாவிடம் 1961இல் வாய்விட்டுக் கேட்டுப் பெற்றதைத் தமிழ்நாட்டில் யாரும் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று.

மலபார் வாக்காளனின் விசுவாசம் கண்மூடித்தனமானது என்று ஒரு அபிப்பிராயம் உண்டு. அது தவறு. 1992 டிசம்பர் 6இல் பாபர் மஸ்ஜித் இடிக்கப்பட்டபோது லீக் கேரளத்தில் காங்கிரஸ் அரசின் பங்காளி. வெளியேற வேண்டும் என்று இப்ராஹீம் சுலைமான் சேட் வாதிட்டார். பாணக்காடு ஷிஹாப் தங்ஙளின் தலைமை அமைதியையும் கூட்டணியையும் தெரிந்தெடுத்தது. சேட் 1994இல் இந்திய நேஷனல் லீக்கைத் தொடங்கினார். 1996இல் லீக் 19இலிருந்து 13க்கு இறங்கியது, ஆனால் உடையவில்லை. பெரிய அடி பிறகுதான் வந்தது. 2004இல் காயிதே மில்லத்தின் மஞ்சேரியையே மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ஹம்ஸா கைப்பற்றினார். 2006 சட்டசபைத் தேர்தலில் லீக் ஏழுக்குச் சுருங்கியது. குற்றிப்புறத்தில் குஞ்ஞாலிக்குட்டியைத் தோற்கடித்தவர் கட்சியிலிருந்து வெளியேறிய கே.டி. ஜலீல். தலைமையின் நடத்தையில் மக்களுக்கு இருந்த அதிருப்தி அப்படி வெடித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2011இல், அதே வாக்காளர் லீக்குக்கு 20 ஆசனங்களைக் கொடுத்தனர். தண்டிக்கவும் மன்னிக்கவும் அவர்களுக்கு ஏணி என்ற ஒன்று வாக்குச் சீட்டில் இருந்தது. தமிழ்நாட்டு வாக்காளன் லீக்கைத் தண்டிக்க விரும்பினால் அதற்குத் தி.மு.க.வைத் தண்டிக்க வேண்டியிருந்தது. அதை அவன் செய்யத் தயாராக இருந்த தருணங்கள் அரிது.

அப்படியொரு தருணம் இந்த நூற்றாண்டின் விளிம்பில் வந்தது. 1998இல் அ.தி.மு.க. பாரதிய ஜனதாவோடு சேர்ந்தது. 1999இல் அந்த இடத்துக்குத் தி.மு.க. வந்தது, 2001 சட்டசபைத் தேர்தலையும் அந்தக் கூட்டோடுதான் சந்தித்துத் தோற்றது. 1997 நவம்பர் கலவரத்தையும் 1998 பெப்ரவரிக் குண்டுவெடிப்பையும் கண்ட கோயம்புத்தூரின் காயம் ஆறாத காலம். இரண்டு பெரிய கட்சிகளும் ஒருவர்பின் ஒருவராகத் தாமரையோடு கைகோத்தபோது, பெரிய கட்சியின் நிழலில் நிம்மதி என்ற கோட்பாடு ஆட்டம் கண்டது. 1995இல் தொடங்கப்பட்ட த.மு.மு.க. இளைஞர்களிடையே வளர்ந்தது இந்தச் சூழலில்தான். 2003 இறுதியில் தி.மு.க. அந்தக் கூட்டணியை விட்டு விலகியது. 2004இல் அ.தி.மு.க.வும் பாரதிய ஜனதாவும் சேர்ந்து நின்று 39 தொகுதிகளையும் பறிகொடுத்தன. 2007இல் கருணாநிதி அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 வீதம் தனியாகக் கொடுத்தது. கிறிஸ்தவர்களுக்கும் அதே அளவு கொடுக்கப்பட்டு, அவர்கள் கணக்குப் பார்த்து வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது வேறு கதை. தமிழக முஸ்லிம்களின் கல்வியிலும் அரச தொழிலிலும் அந்த 3.5 வீதம் உண்மையான பலன். இது கிடைத்தது லீக்கின் ஏணியால் அல்ல, தி.மு.க.வின் வாக்குக் கணக்கால் என்று வாதிடுபவருக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை.

த.மு.மு.க. 2009இல் மனிதநேய மக்கள் கட்சியாகத் தேர்தலுக்கு வந்தது. 2011இல் ஜெயலலிதாவின் அணியில் இரட்டை மெழுகுவர்த்திச் சின்னத்தில் நின்று இராமநாதபுரத்தையும் ஆம்பூரையும் வென்றது. 2016இல் தி.மு.க. அணியில் வேறொரு சின்னத்தில் நான்கு தொகுதிகளில் நின்று நான்கிலும் தோற்றது. 2021இல் சூரியன். லீக் நடந்த பாதையை லீக்குக்கு மாற்றாக வந்த கட்சி பத்தே ஆண்டுகளில் நடந்து முடித்தது.

இதை வாசிக்கும் நம்மவர் மனதில் அஷ்ரப் வராமல் இருக்கமாட்டார். 1981இல் காத்தான்குடியில் தோன்றிய முஸ்லிம் காங்கிரஸ் 1988 வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் மரச் சின்னத்தில் 17 ஆசனங்களை வென்றது. அதே ஆண்டு இறுதியில், மாவட்டத்தில் ஆசனம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளி 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்கப்பட்டதில் அவருடைய பேரம்பேசலின் பங்கு யாவரும் அறிந்தது. கிழக்கு நம்முடைய மலபார். செறிவாக வாழும் நிலம், தன் மரத்தைத் தானே நட்டு வளர்க்க முடிந்த நிலம். கொழும்பிலும் கண்டியிலும் களுத்துறையிலும் புத்தளத்திலும் சிதறி வாழும் மற்ற மூன்றில் இரண்டு பங்கினர் நம்முடைய தமிழ்நாடு. பெரிய கட்சியின் நிழல் அவர்களுக்கு வேண்டியிருந்தது. விகிதாசார முறை நமக்குக் கொடுத்த வசதி தமிழக முஸ்லிமுக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. அவன் ஒரு தொகுதியில் ஒருவனாக வென்றால்தான் உண்டு.

ஆனால் வசதி இருந்தும் நாமும் சின்னத்தை இரவல் வாங்கியதுண்டு. 2010 பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் யானையில் கேட்டது. செப்டம்பரில் 18ஆவது திருத்தத்துக்கு அரசோடு சேர்ந்து வாக்களித்தது. இந்தியாவின் சட்டத்தின் கீழ் அது அவ்வளவு எளிதில் நடந்திருக்காது. அங்கே இரவல் சின்னம் உறுப்பினரின் வாயைக் கட்டியது. இங்கே வாக்காளனின் கையைக் கட்டியது. எது மோசம் என்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. யானைக்குப் புள்ளடியிட்ட அம்பாறை வாக்காளனிடம்தான் கேட்க வேண்டும்.

ஏணி தமிழ்நாட்டில் அடியோடு செத்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. கேரளத்தில் அங்கீகாரம் பெற்ற மாநிலக் கட்சி என்ற தகுதியைக் கொண்டு வேறு மாநிலத்திலும் அதே சின்னத்தைக் கேட்டு வாங்கலாம். 2011க்குப்பின் லீக் இந்த வழியைப் பயன்படுத்தத் தொடங்கியது. மலபார்க்காரன் சேர்த்துவைத்த வாக்கு மறுபடியும் ஒருமுறை தமிழ்நாட்டு லீக்குக்குக் கைகொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். 2016இல் கடையநல்லூரை அபூபக்கர் ஏணியில் வென்றார். சுமார் 1,200 வாக்குகள் வித்தியாசம். அதே தேர்தலில் வாணியம்பாடியில் ஏணியைத் தோற்கடித்தவரும் ஒரு முஸ்லிம் பெண்மணி, அ.தி.மு.க.வின் நிலோபர் கபீல், பிறகு அமைச்சரானவர். பாராளுமன்றத் தேர்தல்களில் இராமநாதபுரத்தில் நவாஸ்கனி 2019இலும் 2024இலும் ஏணியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். இரண்டாம் முறை அவர் தோற்கடித்தது சாதாரண ஆளை அல்ல. முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வத்தை. பெரிய கட்சியின் தொண்டன் மனம்வைத்து ஏணியைத் தோளில் தூக்கினால் தமிழ்நாட்டிலும் அது நிற்கும் என்பதற்கு இராமநாதபுரம் சான்று. தூக்குவதும் தூக்காததும் அவன் கையில் இருக்கிறது என்பதற்கும் அதுவே சான்று.

2011இன் மக்கள்தொகைக் கணக்கை அப்படியே சட்டசபைக்குப் பொருத்தினால் 234இல் முஸ்லிம்களுக்கு 13க்கும் மேற்பட்ட ஆசனங்கள் வரும். 2021இல் அதை எட்டவில்லை. எட்டாததற்கு லீக் மட்டும் பொறுப்பல்ல. பெரிய கட்சிகள் தம் சொந்தப் பட்டியலில் முஸ்லிம்களுக்கு இடம் கொடுப்பதிலும் கைச்சுருக்கம். கூட்டணியில் ஒரு முஸ்லிம் கட்சி இருப்பதே அவர்களுக்கு நல்ல சாக்கு. லீக்குக்குத்தான் மூன்று கொடுத்தோமே என்று சொல்லிவிடலாம்.

இஸ்மாயில் சாஹிப் 1972 ஏப்ரல் 5ஆம் திகதி சென்னையில் காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டம் 1991இல் பிரிக்கப்பட்டபோது அவர் பெயரையே சூட்டினார்கள். 1997இல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் அகற்றப்பட்டபோது அதுவும் போயிற்று.

இந்த வரலாற்றை இனி எழுத வருகிறவர் பாராளுமன்றப் பதிவேடுகளைத்தான் முதலில் புரட்டுவார். மஞ்சேரி என்ற பெயருக்கு எதிரே 1962, 1967, 1971 ஆண்டுகளில் முஹம்மது இஸ்மாயில், முஸ்லிம் லீக் என்று இருக்கும். வேலூர் என்ற பெயருக்கு எதிரே 2004இல் காதர் மொகிதீனும் 2009இல் அப்துல் ரஹ்மானும் இருப்பார்கள். முன்னவர் அப்போது தமிழ்நாடு முஸ்லிம் லீக்கின் தலைவர். ஆனால் இருவரும் சூரியனில் நின்று வென்றவர்கள். கட்சி என்ற நிரலில் இருவருக்கும் தி.மு.க. என்று எழுதியிருக்கிறது.